தாடையோரம் வைத்த நிறம்

சென்னியப்பன் இடது முன்கையைத் திருப்பி வைத்துக்கொண்டு, புதிதாகக் குழைத்த பூச்சை அதில் மூன்று கோடாக இழுத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றில் மஞ்சள் தூக்கல், ஒன்றில் செங்காவி, மூன்றாவது இரண்டுக்கும் நடுவே. மாலைவரை கழுவமாட்டார். அரிப்போ தடிப்போ கண்டால் அந்தக் கலவை அப்படியே சாக்கடைக்குப் போகும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கையைப் பார்த்துவிட்டு, ஏதோ தோல் நோய் என்று ஒதுங்கிக்கொள்வார்கள். "எடம் தாராளமாக் கெடைக்குதுங்க" என்பார்.

சேலத்தில் சினிமாப் படம் எடுக்கிற இடமொன்றில் அவர் மேக்கப்காரர். எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு. நாமக்கல் பக்கத்துக் குடியானவக் குடும்பம். பன்னிரண்டு வயதில் நாடகக் கம்பெனியோடு புறப்பட்டு ஐந்து வருஷம் பெண் வேஷம் கட்டியவர். அந்தக் கம்பெனியில் எல்லா முகத்துக்கும் ஒரே வெள்ளைப் பூச்சு, மலிவுச் சரக்கு. நாள்பட அவர் கன்னம் வெந்து உரிந்து, கொத்திய அம்மிபோல் ஆகிவிட்டது. குரல் உடைந்ததும் வேஷம் போயிற்று. கன்னம் போகவில்லை. அன்று முதல், தன் தோலில் பூசிப் பார்க்காத எதையும் அடுத்தவர் தோலில் அவர் வைத்ததில்லை.

நட்சத்திரங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "நல்லா வெளுப்பா வரட்டும்" என்பார்கள். சென்னியப்பன் அவசரப்படமாட்டார். "வெளுப்பாக்கறது சுண்ணாம்பு அடிக்கறவன் சோலிங்க. நம்ம சோலி நெறம் பாக்கறது." கலவையில் ஒரு பொட்டு எடுத்துத் தாடையோரம், முகமும் கழுத்தும் சேருகிற இடத்தில் வைப்பார். "கையில வெச்சுப் பாத்தா ஏமாந்துருவீங்க. கையி வேற, மொகம் வேற. இங்க வெச்சது எங்க போச்சுன்னு தெரியக்கூடாது சாமி. அதுதான் உங்க நெறம்." வயது வித்தியாசமில்லாமல் எல்லாரும் அவருக்குச் சாமிதான்.

யுத்தம் வந்து சீமைக் குழாய்ச் சாயங்கள் நின்றுபோனபின், முத்துவெள்ளைப் பொடி, காவி, மஞ்சள், விளக்குக் கரி, தேங்காயெண்ணெய் என்று தானே குழைக்கிறார். அந்தக் கைப்பக்குவத்தின் பேர் எப்படியோ வெளியே பரவி, ஒருநாள் இளம்பிள்ளையிலிருந்து கைலாசம் என்ற நெசவாளி அவரைத் தேடி வந்தார்.

கைலாசத்தின் மகள் சாரதாமணிக்கு அப்போது பத்தொன்பது வயது. இடது கன்னத்தில் காதோரத்திலிருந்து வாயோரம்வரை வெள்ளைத் திட்டு. ராசிபுரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். "ரெண்டு மணி நேரம் தெரியாம இருந்தாப் போதுமுங்க" என்றார் கைலாசம்.

சென்னியப்பன் போனார். போயிருக்கக் கூடாது என்று இன்றும் சில நாள் சொல்வார். போனது நல்லது என்று சில நாள்.

முதல் கலவை சாம்பல் பூத்தது. இரண்டாவது கன்னத்தில் தனியாக ஒட்டவைத்த மாதிரி நின்றது. மூன்றாவதைக் குழைக்கும்போது, அதுவரை வாய் திறக்காத பெண், "ஏனுங்ணா, அதுல பச்சை சாஞ்சிருக்குதுங்க. செங்காவி ஒரு துளி போடுங்க. மஞ்சளைத் தொடாதீங்க" என்றாள். சிறு வயதிலிருந்து நூலுக்குச் சாயம் முக்குகிறவள். அவர் போட்டார். பூசினார். திட்டு போன இடம் தெரியவில்லை.

கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அவள் வெகு நேரம் பார்த்தாள். வலது கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள், இடது கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கியது, பூச்சு கலையக் கூடாதென்று தலையை அண்ணாந்து அடக்கிக்கொண்டாள்.

"இது எத்தனை நாளைக்குத் தாங்குமுங்க?"

"மொகம் கழுவற வரைக்குந்தான் சாமி."

அவள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

சென்னியப்பன் கைலாசத்தைப் புழக்கடைக்கு அழைத்துப் போனார். "ஏனுங்க, வேஷக்காரனுக்குப் பூசறேன். பூசியிருக்கறான்னு பாக்கறவனுக்குத் தெரியும். காசு குடுத்து அதைப் பாக்கத்தான் வாரான். இங்க வாரவிங்களுக்குத் தெரியாதுங்களே."

"உங்களைக் கூப்புட்டது பூசறதுக்கு. ரோசனை சொல்றதுக்கில்லீங்க" என்றார் கைலாசம்.

"சரிங்க. மொகம் புள்ளையோடது. அந்தப் புள்ளையையே ஒரு வார்த்தை கேட்டுருங்க."

கைலாசம் கேட்கவில்லை. ராசிபுரத்து வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. வேர்வையில் சாயம் கலைந்தால் சரிசெய்ய வேண்டுமென்று சென்னியப்பனை உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவைத்தார்கள். அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்தார்.

சாரதாமணி காபித் தட்டோடு வந்தாள். கும்பிட்டாள். மாப்பிள்ளையின் தாய், "லட்சணமா இருக்குதுங்க" என்று மனம் நிறைந்து சொன்னாள். அந்த வார்த்தைதான் பெண்ணைத் தாக்கியிருக்க வேண்டும். முந்தானை நுனியைப் பக்கத்திலிருந்த செம்புத் தண்ணீரில் நனைத்து, எல்லார் முன்னாலும் இடது கன்னத்தை அழுந்தத் துடைத்தாள்.

"இதையும் பாத்துட்டுச் சொல்லுங்க அத்தை" என்றாள்.

காபி அப்படியே இருக்க, வந்தவர்கள் எழுந்து போனார்கள். கைலாசம் உள்ளே வந்து, "என்ர குடியைக் கெடுத்துப்போட்டீங்க" என்றார். சென்னியப்பன் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிற்குமிடம்வரை வெயிலில் நடந்தார். அன்று கூலி வாங்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை.

அதன் பிறகு ஒரு வாரம் அவர் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை என்று படமெடுக்கிற இடத்தில் சொன்னார்கள். கலவையில் கை இருக்கும். கண் எங்கோ இருக்கும். என்னிடம் ஒருமுறை கேட்டார்: "நெறம் சரியா அமையாம இருந்திருந்தா அந்தப் புள்ளைக்கு ஆசை காட்டின பாவம் வந்திருக்காதுங்களே?"

இரண்டு வருஷம் கழிந்தது. இந்தத் தையில் இளம்பிள்ளையிலிருந்து ஆள் வந்தது. சாரதாமணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கந்தவேல், குமாரபாளையத்து நெசவுக்காரர். நூல் வாங்க வந்த இடத்தில், சாயத் தொட்டியருகே அவளைப் பார்த்து, தானே கேட்டு வந்தவர். மேக்கப்காரரை அழைத்துவரச் சொன்னவள் சாரதாமணியேதான். சென்னியப்பன் பயந்தார். துணைக்கு நானும் போனேன்.

மணப்பெண் முன்னால் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "எங்க பூசோணும் சாமி?"

"எல்லாப் பக்கமுந்தானுங்ணா. இந்தக் கன்னத்துலயும்."

அவர் கை நின்றது. அவள் சிரித்தாள். "மறைக்கறதுக்கில்லீங்க. அவியளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். இன்னிக்கு ஒரு நாள், அன்னிக்குக் கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கோணும்னு எனக்கு ஆசை. நாளைக்குக் கழுவிக்கறேன்."

சென்னியப்பன் குழைத்தார். தாடையோரம் ஒரு பொட்டு வைத்தார். அவள் கண்ணாடியில் பார்த்து, "இன்னங்கொஞ்சம் காவி" என்றாள். போட்டார். முடித்தபோது அவர் பத்து விரலிலும் அவள் நிறம் இருந்தது.

பெண்ணை அழைத்துப் போக வந்த கைலாசம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மகளைப் பார்த்தார். இந்த இரண்டு வருஷமாக அவர் சென்னியப்பனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தோளில் கிடந்த சரிகைக் கரைப் புதுத் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

சென்னியப்பன் சரிகையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு அந்தத் துண்டிலேயே ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார்.