வேண்டுதல் சைக்கிள்

திருவண்ணாமலைக்குச் சற்று முன்னால், வேங்கிக்காலில் ஒரு மோர்க்கடை நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். சைக்கிளில் பாத்திரம் விற்றே மூன்று கடை போட்டவன் நான். வேலூரிலிருந்து கன்னியாகுமரிக்கு மிதித்தே போகிறேன் என்று தெருமுனையில் என் படம் போட்ட பேனர் கட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். கத்திரி வெயிலும் எதிர்காற்றும் திருவண்ணாமலையைத் தாண்ட விடவில்லை. சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்ப, குட்டியானை வண்டிக்கு ஃபோன் போட்டாயிற்று.

மோர் விற்கிற அம்மா கேட்கிறாள்.

"எங்கேர்ந்து வர்றீங்க பெரியவரே?"

"வேலூரு."

"இந்த வெயில்லயா? அண்ணாமலையாருக்கு வேண்டுதலா?"

என் வாய் முந்திக்கொள்கிறது. "ஆமாம்மா."

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, சைக்கிளின் ஹேண்டில்பாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.

"எம் பொண்ண பிரசவத்துக்கு சேத்திருக்குங்க. நல்லபடியா பெத்து எழுந்துக்கணும்னு கோயில்ல ஒரு வார்த்த சொல்லிடுங்க சாமி."

மூன்று கடை முதலாளியை இதுவரை யாரும் சாமி என்றதில்லை. உடம்பெல்லாம் கூசுகிறது.

குட்டியானை வந்து ஹாரன் அடிக்கிறது. டிரைவர் வாய் திறப்பதற்குள் ஓடிப்போய் ஜன்னலைப் பிடிக்கிறேன்.

"கோயில் வாசல்ல வந்து ஏத்திக்கப்பா. அதுவரைக்கும் மிதிச்சே வர்றேன்" என்கிறேன், அவளுக்குக் கேட்காத குரலில்.