சனிக்கிழமை இழுக்காத வண்டி

ஜைனுதீன் பாய்க்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். கையிலிருக்கிற ஸ்பேனரைத் துணியால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். 1961 கோடையில் புதுக்கோட்டையில் அவர் பட்டறை ஸ்பேனர்கள் எல்லாம் வெள்ளிக் கரண்டிபோல் மின்னின என்றால், அதற்கு மலையாண்டி முதலாளியின் பஸ்தான் காரணம்.

சண்டைக் காலத்தில் பட்டாளத்து லாரிகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் படித்தவர் பாய். அதிகம் பேசமாட்டார். எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சீக்காளியிடம் நாடி பார்ப்பதுபோல இருக்கும்.

மலையாண்டியின் பஸ் புதுக்கோட்டைக்கும் குன்றாண்டார்கோவிலுக்கும் ஓடியது. ராத்திரி தங்குவது குன்றாண்டார்கோவிலில். பங்குனியில் அதே தடத்தில் வேறொருவர் புது பஸ் விட்டார். மலையாண்டி பட்டறைக்கு ஓடிவந்தார்.

"பாய், அவன் நம்மள முந்துறான். எதையாச்சும் முடுக்கி விடுங்க."

பாய் டீசல் பம்பின் திருகைத் திருப்பி டீசலைக் கொஞ்சம் கூட்டிவைத்தார். யாராவது தொட்டால் தெரியட்டும் என்று திருகின் தலையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு. வண்டி பறந்தது. ஐந்து நாள்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. காலை முதல் நடையில், கண்மாய்க்கரை மேட்டில் ஏற மாட்டாமல் கரும்புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. ஆட்கள் இறங்கி நடந்தார்கள். பின்னாலேயே வந்த புது பஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது. காலி வண்டி மெல்ல ஊர்ந்து மேடேறி, அன்றைய மற்ற நடைகளை எப்படியோ ஓடி முடித்தது.

மறுநாள் பாய் எல்லாவற்றையும் பார்த்தார். சிவப்புப் பொட்டு கலையாமல் இருந்தது. டீசலைக் கூட்டினால் அதற்கேற்ற காற்றும் எஞ்சினுக்கு வேண்டும். ஆகவே காற்று வடிகட்டியைத் திறந்தார். அதன் அடியிலிருந்த கிண்ணத்தில் தூசி பிடிக்கிற எண்ணெய் சரியாகக் கோட்டளவுக்கு இருந்தது. மூடினார். அதன்பிறகு அதைத் திறக்கவே இல்லை. தன் கண்ணால் பார்த்ததை இன்னொரு தரம் பார்ப்பது அவருக்கு மானக்கேடு.

திங்கள்கிழமை வண்டி குதிரை. அடுத்த சனிக்கிழமை மறுபடி மேட்டில் படுத்தது. பாய் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றிப் பார்த்தார். அதற்கடுத்த சனிக்கிழமை கிளட்சைப் பிரித்தார். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிவிட்டார். எல்லாம் நன்றாகவே இருந்தன. எதுவும் கெடவில்லை என்பதைவிட ஒரு மெக்கானிக்கை வேறெது அவமானப்படுத்தும்?

பஸ் ஸ்டாண்டில் வாய்கள் சும்மா இருக்குமா? "பாய் வச்சது வேகத்துக்கு மருந்தா, பேதிக்கு மருந்தா?" என்று டிக்கெட் கிழிக்கிற கண்ணுசாமி கேட்டான். மலையாண்டி நேரிலேயே வந்துவிட்டார்.

"இந்தச் சனிக்கிழமையும் நின்னுச்சுன்னா பம்பைப் பழையபடி இறக்கிடுங்க. வண்டிய திருச்சிக்கு அனுப்பிடுறேன். பட்டறைக்காரங்களுக்கா பஞ்சம்?"

பதினான்கு வருஷமாகப் பாய் பார்க்கிற வண்டி. அது திருச்சிக்குப் போனால் மற்ற முதலாளிகளும் பின்னாலேயே போவார்கள். அன்று சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"சனிக்கிழமை காலையில மட்டுந்தான் படுக்குதா?" என்றாள் மனைவி ஜன்னத் பீவி.

"ஆமா."

"அப்ப வண்டிய ஏன் நோண்டுறீங்க? சனிக்கிழமைய நோண்டுங்க."

பாய் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளி சாயங்காலம் அதே பஸ்ஸில் ஏறிக் குன்றாண்டார்கோவிலுக்குப் போனார். மேட்டில் வண்டி முனகாமல் ஏறியது.

விடிந்ததும் வண்டியிடம் போனார். டிரைவர் குழந்தைசாமி கோவணத்தோடு, உச்சி முதல் பாதம்வரை எண்ணெய் வழிய நின்றிருந்தான். எஞ்சின் மூடி திறந்திருந்தது. காற்று வடிகட்டியைக் கழற்றி, ஒரு கிண்ணத்திலிருந்து கொழகொழவென்று எதையோ அதில் ஊற்றப்போனான்.

"என்னய்யா அது?"

"விளக்கெண்ணெய் பாய்." ஒளிக்கிற முகமே இல்லை. "டீசலைக் கூட்டுனதுல எஞ்சினுக்குச் சூடு ஏறிருச்சாம். நாம சனிக்கிழமை தேச்சுக் குளிக்கிறோம்ல, அதுக்கும் கொஞ்சம் வையின்னு முதலாளி சொன்னாரு."

"இதுல ஊத்தச் சொன்னாரா?"

"எடம் சொல்லல. இதுதான் மேலாக்க இருக்கு, தலை மாதிரி. முன்னாடியே எண்ணெயும் இருக்கு."

"எவ்வளவு ஊத்துன?"

"மொத ரெண்டு வாரமும் ஒவ்வொரு கிண்ணம். சூடு தணியலன்னு போன வாரம் ரெண்டு."

பாய் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். கெட்டி எண்ணெய் நிறைந்தால் காற்று எப்படி உள்ளே போகும்? எஞ்சின் மூச்சுமுட்டித்தான் கரும்புகை கக்கியிருக்கிறது. பகலெல்லாம் ஓடி மிஞ்சிய எண்ணெயை உறிஞ்சித் தீர்த்தபின், கோட்டளவுக்கு இறங்கித் தெளிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இவர் அதைப் பார்த்திருக்கிறார், நிம்மதியாக.

"ஏய்யா, இத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலையே பாய்."

"வெளக்கெண்ணெய் ஊத்துனியான்னு எந்த மெக்கானிக்குய்யா கேப்பான்!"

வாழ்க்கையில் அன்றுதான் அவர் கத்தினார். பக்கத்து வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன.

அன்று கிண்ணத்து எண்ணெய் குழந்தைசாமியின் தலைக்கே போனது. பாய் வடிகட்டியைக் கழுவி, அளவாக எண்ணெய் விட்டு மாட்டினார். பஸ் மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. புது பஸ் பின்னால் புள்ளியாகிப் போனது.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மலையாண்டி கடிகாரமும் கையுமாக நின்றிருந்தார். பாய் இறங்கினார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோத்து வைத்திருந்தார். அவர் வாயைத் திறக்குமுன் முதலாளி முந்திக்கொண்டார்.

"பாத்தீங்களா பாய்! ஒங்ககிட்ட சொன்னாச் சிரிப்பீங்கன்னு சொல்லல. நாலு வாரமா வெளக்கெண்ணெய் வைக்கச் சொல்லியிருந்தேன். இன்னைக்குத்தான் பிடிச்சிருக்கு. சூடு அத்துப்போச்சு!"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். கண்ணுசாமி, "அதானே!" என்றான். குழந்தைசாமி தலையில் வழிந்த எண்ணெயைத் துண்டால் துடைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தான்.

பாய் கணக்குப் போட்டுப் பார்த்தார். அத்தனை பேர் நடுவில் முதலாளியை முட்டாளாக்கினால் வண்டி இன்றே திருச்சிக்குப் போகும். சும்மா இருந்தால் அடுத்த சனிக்கிழமை மூன்று கிண்ணம்.

"ஆமா முதலாளி," என்றார் மெதுவாக. "நல்லாப் பிடிச்சிருச்சு. இதோட நிறுத்திக்கங்க. இனிமேலும் வச்சாக் குளிர்ச்சி அதிகமாகி எஞ்சினுக்குச் சளி கட்டிக்கிரும்."

மலையாண்டி யோசித்தார். முகம் தீவிரமானது.

"வாஸ்தவம் பாய். மார்ச்சளியா ஆனா லேசுல போகாது. டே குழந்தைசாமி, இனி எண்ணெய் கிண்ணெய் வச்ச, தொலைச்சுப்புடுவேன்!"

பம்ப் இறங்கவில்லை. வண்டி திருச்சிக்குப் போகவில்லை. பாய் பட்டறைக்கு நடந்தார். உட்கார்ந்து, ஏற்கனவே மின்னிக்கொண்டிருந்த ஸ்பேனர்களில் பெரியதை எடுத்தார். பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை அதையே துடைத்துக்கொண்டிருந்தார்.