இந்த மாதிரி ஒரு மணிக்கூடு

தேநீர்க் கோப்பையின் தட்டில் ஏதோ உலோகம் பட்டு 'கிண்' என்று எழுந்த சின்ன ஒலி ஒன்று இன்னும் என் காதில் இருக்கிறது. கெலிஓயாவில் எங்கள் வீட்டு முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே தொங்கிய பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால், இஞ்சித் தேநீரின் வாசத்தை முகர்ந்தபடி, பதினொரு வயதுச் சிறுமியாக நான் நின்றுகொண்டிருந்தேன். என் மூத்த சகோதரியை, எங்கள் வழக்கில் சொன்னால் 'ராத்தா'வை, பெண் கேட்டுக் கடுகண்ணாவையிலிருந்து மாப்பிள்ளையின் மாமா வந்திருந்தார். ராத்தா தேநீரை அவர் முன் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள். புறப்படும் நேரத்தில் அவர் தம் இடது மணிக்கட்டை இரண்டு விரலால் தட்டிக்காட்டி, "எங்களுக்கு ஒண்ணும் வாணாம் மாஸ்டர். மாப்புளைக்கு இந்த மாதிரி ஒரு மணிக்கூடு போட்டாப் போதும்" என்றார்.

எங்கள் தகப்பனார், வாப்பா, தமிழ் வாத்தியார். ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் வேற்றுமை உருபும் தொகைநிலையும் சொல்லிக்கொடுத்த அந்த மனிதரை 'மாதிரி' என்ற ஒரே சொல் இரண்டு மாதம் ஆட்டிப்படைத்தது. இந்த மாதிரி என்றால் இதே மாடலா, இதைப்போல ஒன்றா, அல்லது சும்மா ஒரு மணிக்கூடு என்பதற்கு மரியாதையான பேச்சா? மாமா கட்டியிருந்தது சுவிட்சர்லாந்துச் சாமான் என்றும், அதன் விலைக்கு ஒரு பழைய வேனே வாங்கலாம் என்றும் தரகர் வந்து சொன்ன பிறகு வாப்பாவின் தூக்கம் போயிற்று. வாங்கினால் வீட்டை ஈடு வைக்க வேண்டும். வாங்காவிட்டால் புகுந்த வீட்டில் ராத்தா காலமெல்லாம் ஒரு சொல் கேட்க வேண்டிவரும். திரும்பப் போய் "என்ன அர்த்தத்தில் சொன்னீர்கள்?" என்று கேட்பதற்கோ வாப்பாவுக்கு வெட்கம்.

இதில் பெரிய கூத்து, மாமாவின் மணிக்கூட்டை வாப்பா சரியாகப் பார்க்கவேயில்லை. விருந்தாளிக்கு மரியாதை என்று நினைத்தோ என்னவோ, வாசிக்கும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆகவே என்னைக் கூப்பிட்டு, "நீ பாத்தியா, என்ன மாதிரி இருந்திச்சு?" என்று கேட்டார். நானும் சற்றும் தயங்காமல், "தங்கக் கலர் செயின், வாப்பா. கோப்பையில பட்டு 'கிண்'ணெண்டு சத்தம் வந்திச்சே" என்று சாட்சி சொன்னேன். வீட்டில் என் பேச்சை யாரும் கவனித்துக் கேட்ட முதல் சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை வாப்பா, உம்மா, ராத்தா, நான் நால்வரும் கண்டிக்குப் பஸ் ஏறினோம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கியதுமே நடைபாதையில் ஒருவன் விரித்து வைத்திருந்த 'டூப்ளிகேட்' மணிக்கூடுகள் உம்மாவின் கண்ணில் பட்டுவிட்டன. பெரிய கம்பனிகளின் பெயரெல்லாம் போட்டு, அசலைவிட அசலாக மின்னின. "யாரு கிட்டப் போய்ப் பாக்கப் போறா?" என்றார் உம்மா. "பேரே பொய்யா இருக்கிற சாமானை மாப்பிள்ளைட கையில நான் எப்படிக் கட்டுற?" என்று கேட்டுவிட்டு வாப்பா விறுவிறென்று நடந்தார்.

கடைக்காரர் யாழ்ப்பாணத்து ஐயா. மாமாவின் மணிக்கூட்டைப் பற்றி வாப்பா சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்பு பரவியது. "ஓம் சேர், விளங்குது. அது வேண்டாம். அதே அமைப்பிலை யப்பான் ஒண்டு இருக்கு, நல்ல நேர்மையான சாமான்" என்று சொல்லி இரண்டை எடுத்து வைத்தார். வெள்ளை முகம், மெல்லிய முட்கள், சொந்தப் பெயர். ஒன்றுக்குச் செயின், மற்றதற்குத் தோல் வார். வாப்பா என்னைப் பார்த்தார். நான் செயினைப் பார்த்தேன். அப்போதுதான் ராத்தா விரலை நீட்டித் தோல் வார் போட்டதைக் காட்டினாள். அது கொஞ்சம் மலிவு. பிள்ளை தன் கஷ்டம் பார்த்துத்தான் அதைக் காட்டுகிறது என்று வாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதையே பொதி கட்டச் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் பூட்டி வைத்தோம். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் நின்றுபோய் இருந்தது. வாப்பா பதறிப்போய்க் கண்டிக்கு ஓடினார். "இது கையிலை கிடந்தால்தான் ஓடும், சேர். பற்றரி இல்லை. அலுமாரிக்கை வச்சால் நிண்டிடும்" என்று ஐயா விளக்கி அனுப்பினார். ஓடாமல் வைத்திருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்று அவர் சொன்னதை வாப்பா நம்பவில்லை. இப்படியாக, நிக்காஹ் வரையில் மாப்பிள்ளையின் மணிக்கூடு ராத்தாவின் நீளக்கைச் சட்டைக்குள் மறைந்து ஓடியது. அவள் தேங்காய் துருவும்போதும் துணி பிழியும்போதும் அது துள்ளித் துள்ளி உயிர் வாங்கிக்கொண்டிருந்தது. நான் கேலி செய்தால் அவள் கை ஓங்குவாள். அதிலும் அது இன்னும் கொஞ்சம் ஓடும்.

கல்யாணத்தன்று வாப்பா அதை மாப்பிள்ளையின் கையில் கட்டினார். மாப்பிள்ளை பக்கத்தில் யாரோ ஒருவர் குனிந்து பார்த்து, "இதையா கேட்ட?" என்று மெதுவாகக் கேட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. வாப்பாவின் முகம் செத்துவிட்டது. மாமா தம் கோட்டின் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். "இந்த மாதிரி எண்டு நான் சென்னது செயினை. தொழுகைக்கு ஒளு எடுக்கிற நேரம் கழட்ட லேசு, தோல் வார் நனைஞ்சா நாறும். அவ்வளவுதான் மாஸ்டர், செயினை நானே போட்டுக் குடுக்கிறன்" என்றார். சொன்னபடி அடுத்த வாரமே போட்டும் கொடுத்தார்.

நான் அன்று பூரித்துப்போனேன். செயின் என்று முதலில் சொன்னவள் நானல்லவா? வாப்பாவுக்குத்தான் நிம்மதி முழுதாக வரவில்லை. மாமா உண்மையில் செயினைத்தான் சொன்னாரா, சபையில் தன் மானத்தைக் காப்பாற்றினாரா என்று கடைசிக் காலம்வரை எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கும்போதெல்லாம் நான் என் 'கிண்' ஒலியைச் சாட்சிக்கு அழைப்பேன். அதன் பிறகு மாமாவை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். ஆனால் ஒருமுறைகூட அவர் கையில் மணிக்கூட்டைக் கண்டதில்லை. ஏன் என்று யோசிக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

இன்று வாப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை, அந்த ஐயாவின் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். என் மகனின் கையிலிருப்பது அவன் நடந்த அடிகளை எண்ணிச் சொல்லும், இரவில் மின்சாரம் குடிக்கும். போன பெருநாளைக்கு ராத்தா வீட்டுக்குப் போனபோது, மச்சான் இப்போது கட்டாமல் விட்ட அந்தப் பழைய மணிக்கூட்டைத் தன் கையில் மாட்டிக்கொண்டு அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக, என் சாட்சி எவ்வளவு சரியாகப் போயிற்று பார்த்தாயா என்று பெருமை அடித்தேன்.

ராத்தா துருவுவதை நிறுத்தினாள். "மாமா கட்டியிருந்தது தோல் வார்டி. தேத்தண்ணி வைக்கக்குள்ள கிட்ட இருந்து பாத்தது நான். அதுதானே கடையில அதையே காட்டின. மாப்புள வீட்டு ஆள்ட கையப் பாத்தன் எண்டு வாப்பாட்ட எப்படிச் செல்லுற?"

"அப்ப அந்தச் சத்தம்?" என்றேன்.

அவள் மறு கையை உயர்த்தி இறக்கினாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் போட்டிருக்கும் காப்பு, தேங்காய்ப் பாத்திரத்தின் விளிம்பில் பட்டு, 'கிண்' என்றது.