இடப்பக்கம் யார் உட்காருவாங்க?

"எத்தனை பேர் ஏறுவீங்க?"

சாவியைக் கையில் வாங்கும் முன், வந்தவரின் சலாமுக்குப் பதில் சொல்லி முடிக்கும் முன்பே யாஸ்ரில் கேட்டுவிடும் கேள்வி இது. வந்தவர் தன் காரில் எந்தப் பாட்டு எப்படி முழங்க வேண்டும் என்று வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு வந்திருப்பார். யாஸ்ரிலுக்கு அதெல்லாம் அப்புறம். "பாட்டு கெடக்கட்டும். ஆளச் சொல்லுங்க. இடப்பக்கம் யார் உக்காருவாங்க? எத்தன கிலோ?"

பாடாங் நகரத்தில் கார்களுக்கு சப்வூஃபர் என்கிற முழக்கப் பெட்டி மாட்டுகிற கடைகள் தெருவுக்கு ஒன்று உண்டு. வண்டிக்குள் இருப்பவரின் எடையைக் கேட்கிற கடை இது ஒன்றுதான். சீட்டுக்கடியில் போகிற ஒல்லி சப்வூஃபர்தான் யாஸ்ரிலின் சிறப்பு. தடித்த அகராதி ஒன்றைப் படுக்கப் போட்ட அளவுதான் இருக்கும். மேலே ஆள் உட்கார்ந்தால் சீட்டு இறங்கும். சீட்டு இறங்கினால் பெட்டிக்கு மேலே இருக்கும் காற்று குறையும். காற்று குறைந்தால் முழக்கம் மாறும். கனத்த ஆளென்றால் அடங்கிப் பேசும், லேசான ஆளென்றால் குமுறும். காலி வண்டியில் ட்யூன் பண்ணுவது, சட்டைக்கு ஆள் இல்லாமல் ஆணியில் அளவெடுப்பதற்குச் சமம் என்பது அவர் கட்சி. மற்ற கடைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுத் தங்கள் சொந்த வண்டியை இரகசியமாக இவரிடம் கொண்டுவந்து விடுவார்கள்.

ஆகவே குடும்பத்தோடு வர வேண்டும். வர முடியாதவர்களுக்கு மூட்டை. சுவரோரம் மணல் மூட்டைகள் வரிசையாகச் சாய்ந்திருக்கும், மேலே சுண்ணாம்புக்கட்டியால் எடை: 30, 45, 60, 80. எண்பது ஒரு மாமியாருக்காகத் தைத்தது. மருமகன் தொண்ணூறு என்று பிடிவாதம் பிடித்தார், யாஸ்ரில் நியாயமாகக் குறைத்தார். மூட்டையின் காதைப் பிடித்து ஒரே தூக்கில் தோளில் ஏற்றி, சீட்டில் தொப்பென்று போட்டு, பெல்ட் மாட்டிவிடுவார். பிறகு பரியாமான் ஊரில் முஹர்ரத்துக்கு நடக்கும் தபூயிக் திருவிழாவில் தானே பதிவு செய்துவந்த முரசு வாத்தியத்தை ஓடவிட்டு, உள்ளங்கையை சீட்டின் முதுகில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வாயில் ஒரு கிராம்பு சிகரெட், பற்றவைக்காமல். மனைவி ரோஸ்னீதா வண்டிக்குள் புகை கூடாது என்று சொன்னதிலிருந்து இருபது வருடமாக அது அப்படியே நனைந்துகொண்டிருக்கிறது.

நகரத்துச் சிற்றுந்துகளுக்கு மாட்டும்போது மூட்டை போதாது. அப்போது பக்கத்துக் காப்பிக்கடையில் டொமினோ ஆடிக்கொண்டிருப்பவர்களை ஏற்றிவிடுவார். ஒருமுறை பதினோரு பேர் ஆட்டக்கட்டைகளோடும் முட்டைத் தேநீரோடும் ஏறினார்கள். ட்யூனிங் முடிந்தும் இறங்கவில்லை. ஓட்டுநர் வேறு வழியில்லாமல் துறைமுகம் வரை ஓட்டிப் போனார். திரும்பி வந்து, "பேஸு அருமை, உடா. ஆனா ரெண்டாவது ஆட்டத்துல கட்ட ஆடுது, கொஞ்சம் கொறைங்க" என்றார்கள். உடா என்றால் அண்ணன். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் உடாதான். ரோஸ்னீதாவுக்கும்.

இந்தத் தொழில்முறையால் கடை ஒரு மாதிரி குடும்ப நீதிமன்றமாகவும் ஆகிப்போனது. கான்ட்ராக்டர் ஒருவர் மனைவியோடு வந்து ட்யூன் செய்துகொண்டு போனார். பத்து நாளில் தனியாக வந்தார்.

"உடா, இடப்பக்கம் ரொம்பக் குமுறுதே."

யாஸ்ரில் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரோ லேசான ஆள் உக்கார்றாங்க."

கான்ட்ராக்டர் வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்ற கவலை திடீரென்று அவருக்கு வந்துவிட்டது.

"நாப்பத்தஞ்சா?" என்றார் யாஸ்ரில், மூட்டைகளைப் பார்த்தபடி.

"...நாப்பத்தேழு."

"பொண்டாட்டிக்கு ட்யூன் பண்ண சீட்ட நான் தொடமாட்டேன். குமுறுனா ஜன்னலத் தொறந்துக்கச் சொல்லுங்க."

காதில் விழுந்த ஒரு குமுறலை வைத்து இன்னொருவன் வீட்டு இரகசியத்தை அரை நிமிடத்தில் சொல்லிவிட்ட மனிதர் அவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அவருடைய சொந்த வண்டி பழைய வெள்ளை வண்டி. அதன் இடப்பக்க சீட்டு ரோஸ்னீதாவுக்கு, ஐம்பத்தெட்டு கிலோவுக்கு ட்யூன் செய்தது. மிளகாய் தடவிய மரவள்ளி வறுவல் பொட்டலங்களைக் கடைகடையாகப் போட்டு வருவது அவள் வேலை, ஓட்டுவது இவர் வேலை. அவளுக்கு மூட்டுவலி. இறங்க வேண்டுமென்றால் சீட்டு நன்றாகப் பின்னால் போக வேண்டும். அதற்காக அந்தப் பெட்டிக்கு மட்டும் ஒரு முழம் வயரைக் கூடுதலாக விட்டு மடித்துக் கட்டியிருந்தார். ஒவ்வொரு கடை வாசலிலும் இவர் சுற்றிவந்து கதவைத் திறப்பார், குனிந்து கம்பியை இழுத்து சீட்டைப் பின்னால் தள்ளுவார், கையை நீட்டிக்கொண்டு நிற்பார். "இரு உடா, காலு வரட்டும்" என்பாள் அவள். கால் வரும்வரை நிற்பார்.

போன வருடம் நோன்பு முடிந்து சில நாட்களில், இடப்பக்கம் குமுற ஆரம்பித்தது.

யாஸ்ரில் முதலில் எர்த் வயரைச் சுரண்டி மறுபடி முடுக்கினார். குமுறியது. ஃபியூஸை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி வேறொன்று போட்டார். சீட்டைத் தூக்கிவிட்டுப் பெட்டியையே புதிதாக மாட்டினார். குமுறியது.

"உனக்குக் கேக்கலையா?" என்றார் மனைவியிடம்.

"எனக்கு எப்பவும் போலத்தான் கேக்குது. கெளம்புங்க, வறுவல் நமுத்துடும்."

"எப்பவும் போல எங்க கேக்குது? மொத்துது பாரு."

"அப்ப நான் எறங்கிக்கறேன் உடா. நீங்க அந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டே குடும்பம் நடத்துங்க."

அவள் சாரோங்கில் ஊக்கு ஒன்று கூடுதலாக ஏறியிருந்தது. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. சப்வூஃபரின் திருகாணியில் அரைச்சுற்று தளர்ந்தால் கண்டுபிடிக்கிறவர் கண்ணில் அது படவில்லை.

இப்படி மூன்று வாரம். ஒருநாள் அவள் சந்தைக்குப் போயிருந்தபோது, வேறு ஒன்றும் தோன்றாமல், மணலை நிறுத்துக் கட்டி ஐம்பத்தெட்டு கிலோ மூட்டை ஒன்றை அந்த சீட்டில் வைத்துப் பார்த்தார். முரசை ஓடவிட்டார். குமுறல் இல்லை. பட்டு மாதிரி இருந்தது.

டொமினோக்காரர்களில் ஒருவர், "என்ன உடா, கோளாறு கெடச்சிருச்சா?" என்று கேட்டபோது அவர் மூட்டையின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரோஸ்னீதா சந்தையிலிருந்து வந்ததும், மூட்டை நிறுக்கும் எந்திரத்தில் ஏறி நிற்கச் சொன்னார். அவள் என்னவோ விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே ஏறினாள்.

நாற்பத்தாறு.

'கொஞ்சம் முன்னாடியே கூட்டி வந்திருக்கலாம்' என்றார்கள் ஆஸ்பத்திரியில். எவ்வளவு முன்னாடி என்று யாஸ்ரில் கேட்கவில்லை. நர்ஸாக இருக்கும் மகள் மெல்யானி, வராந்தாவில் நின்று ஒரே ஒரு தடவை சொன்னாள்: "மூணு வாரம் வயரப் பாத்தீங்களேப்பா." அதற்குப் பிறகு அவள் அதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால்கூட தேவலாம் என்று அவருக்கு இருந்தது.

கடைசியில் ரோஸ்னீதா முப்பத்தொன்பது கிலோ.

நூறாம் நாள் ஓதி முடித்த மறுநாள் காலை, யாஸ்ரில் தன் துணிகளை ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் அடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். வீடு மனைவி வழியில் வந்தது, இனி மகளுடையது. யாரும் போகச் சொல்லவில்லை. வீடு பெண்வழிக்கே என்பது அந்த ஊர் வழக்கம், யாரும் சொல்ல வேண்டியதில்லை. வண்டி மட்டும் அவரோடு வந்தது.

இடப்பக்க சீட்டில் ஒரு மூட்டை, பெல்ட் போட்டு. மேலே சுண்ணாம்பில் 58. மற்ற மூட்டைகளிலெல்லாம் மணல், இதில் மட்டும் பேர்போன சோலோக் அரிசி. வண்டு வைத்தால் கொட்டிப் புடைத்துவிட்டு, குறைந்த எடைக்குப் புது அரிசி போட்டுத் தைப்பார். காப்பிக்கடையில் ஆரம்பத்தில் சீண்டினார்கள்.

"உடா, நாங்க பட்டினி கெடக்கறோம், நீங்க அரிசிய ஊர்கோலம் கூட்டிட்டுப் போறீங்க."

"மணலுல உக்கார வெச்சா அவ திட்டுவா" என்றார். அதோடு சீண்டல் நின்றது.

போன வாரம் ரோஸ்னீதாவின் அண்ணன், குலத்தலைவர் பட்டமான ‘டத்துக்’ பெற்ற இல்யாஸ், கடைக்கு வந்தார். முட்டைத் தேநீரை நிதானமாகக் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். மெல்யானிக்குப் பரியாமானுக்கு மாற்றலாகியிருப்பதைச் சொன்னார். மறுபடி மழை. "பஸ்ஸு விட்டு எறங்கி அரை மைல் நடக்கறா புள்ள. நனஞ்சுதான் போறா." காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தங்கை பிள்ளைகளுக்கு ஆக வேண்டியதைப் பார்ப்பது தாய்மாமன் கடமை; அதை வாய்விட்டுக் கேட்காமல் கேட்பது அவர் மரியாதை.

யாஸ்ரில் ஈரச் சிகரெட்டை வாயின் மறுபக்கம் மாற்றினார். "வெள்ளிக்கெழம தொழுக முடிஞ்சதும் வரச்சொல்லுங்க டத்துக். மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வரணும். ஆளில்லாம நான் ட்யூன் பண்றதில்ல."

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை ஃபிக்ரி பள்ளிக்கூட வாத்தியார், மூன்று மாதம் முன்புதான் இந்த வீட்டுக்குள் வந்தவர், இன்னும் எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று பிடிபடாதவர்.

"எத்தனை பேர் ஏறுவீங்க?" என்று யாஸ்ரில் சொந்த மகளிடமும் கேட்டார்.

"ரெண்டு பேருப்பா. நான் ஓட்டுவேன்."

உதவுகிற ஆர்வத்தில் ஃபிக்ரி இடப்பக்கக் கதவைத் திறந்து, மூட்டையின் காதைப் பிடித்தார். "மாமா, இத டிக்கில தூக்கிப் போட்டுடட்டுமா?"

"கைய எடுங்க!" என்றாள் மெல்யானி.

காப்பிக்கடையில் டொமினோக் கட்டை ஒன்று பாதியிலேயே நின்றது. மாப்பிள்ளை கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"விடும்மா. அவருக்கென்ன தெரியும்" என்றார் யாஸ்ரில். "நீங்க எத்தன கிலோ மாப்ள?"

"அறுபத்தொண்ணு மாமா."

"மூணு கிலோதான் கூட. ரொம்பத் திருக வேண்டியிருக்காது."

மெல்யானி அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். சீட்டில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு பின்னாடி உக்காரட்டும்ப்பா. இது இப்படியே இருக்கட்டும்."

யாஸ்ரில் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துக் காதில் செருகினார்.

"ஆள் இருக்கற வண்டிக்கு எதுக்கும்மா மூட்ட?"

வண்டியின் முன்பக்கம் சுற்றிக்கொண்டு போனார். பெல்ட்டைக் கழற்றினார். பிறகு மூட்டையைத் தொடாமல் குனிந்து, அடியில் இருந்த கம்பியை இழுத்து, சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினார். மடித்துக் கட்டியிருந்த ஒரு முழம் வயர் மெதுவாக நீண்டது. அவர் நிமிர்ந்து, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை உள்ளே நீட்டியபடி, அவசரமில்லாமல் நின்றார்.