நிதானம் அண்ணன் மறைத்த இருட்டு

அவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிட்டார்கள். லாரி ஓட்டுகிறவர்கள் மத்தியில் அந்தப் பெயர் பாதி கிண்டல், பாதி மரியாதை. முன்னால் போகிற வண்டி எவ்வளவு ஊர்ந்தாலும் ஹாரனில் கை வைக்க மாட்டார். ஆனாலும் சரக்கு போய்ச் சேர வேண்டிய நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். "உங்களுக்கு இந்தப் பேரை வெச்சவன் வாயில சர்க்கரையத்தான் போடணும்" என்பாள் அவர் மனைவி, சட்டையில் பொத்தான் மாட்டவே அவர் ஒரு யுகம் எடுத்துக்கொள்ளும்போது.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, பட்டப்பகலில், ஒரு மலை இறக்கத்தில் கண் இருட்டியது. ஸ்டியரிங் கையில் இருக்க, எதிரே இருந்த சாலை ஒரு மூச்சு விடும் நேரம் காணாமல் போனது. சாலை திரும்பி வந்தபோது வண்டி இன்னும் அதன் மேல்தான் இருந்தது. ஓரம் கட்டினார். இறங்கி முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவருக்கு வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் சின்ன அடைப்பு என்றார் டாக்டர். மாத்திரை போதும், ஆனால் இனி லாரி ஓட்டக் கூடாது. "மறுபடி கண்ணு இருட்டினாலோ காது அடைச்சாலோ தள்ளிப் போடாம உடனே வந்துடணும்" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

கம்பெனி அவரைக் கைவிடவில்லை. சரக்குக் கிடங்கின் வாசலில் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்குகிற வேலை கொடுத்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, கம்பத்துக்கு ஒரு சுவிட்ச். அடுத்தவர்கள் ஓட்டி வரும் லாரிகளுக்கு வழிவிட்டுக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார். மாலையில் வீடு திரும்பினால் பேச்சே இல்லை. மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் போர்வை மடிக்கிறவள். அங்கே நடந்த வேடிக்கைகளை அவள்தான் சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் 'ம்' கொட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் மருமகன் தன்னுடைய பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். கல்யாணத்துக்கு முன்னால் விடிய விடிய கேம் விளையாடிய லேப்டாப் அது. அம்மிக்கல் கனம். ஆன் செய்தால் பொத்தான்களுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும், விசிறி ஹெலிகாப்டர் மாதிரி இரையும்.

"மாமா, இதுல லாரி ஓட்டுற கேம் ஒண்ணு இருக்கு. ஓட்டிப் பாருங்க."

"பொம்மை வண்டியா?" என்று உதட்டைப் பிதுக்கினார். மறுநாள் மனைவி வேலை முடிந்து வந்தபோது, பொம்மை வண்டி கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. மாமா இண்டிகேட்டர் போட்டுவிட்டு, கண்ணாடியில் பார்த்துவிட்டு, பிறகுதான் திரும்பினார்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு வந்தது. அவரோடு ஒரு காலத்தில் ஜோடியாக வண்டி ஓட்டிய ஒருவன் இருந்தான். எந்நேரமும் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டுவதால் அவன் பெயர் 'விசில்'. இப்போது வேறு ஊரில் வேறு கம்பெனியில் ஓட்டுகிறான். அவனும் அந்த கேமில் சேர்ந்துகொண்டான். வாரம் முழுக்க நிஜ லாரி ஓட்டிவிட்டு, விடுமுறை நாளில் அண்ணனுக்குப் பின்னால் பொய் லாரி ஓட்டினான். காதில் மாட்டிய ஹெட்போனில் இருவரும் பேசிக்கொண்டே போவார்கள்.

"லீவு நாள்லயும் வண்டி ஓட்டுறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா."

"உங்க பின்னாடி ஓட்டினா வேலை மாதிரியே இல்லண்ணே. ஊர்வலம் மாதிரி இருக்கு."

ஒரு மாலை அப்படிப் பேசிக்கொண்டே ஒரு பாலத்தில் ஏறியபோது, சாலை இருட்டியது. ஒரு நொடிதான். திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் காதில் கேட்டுக்கொண்டிருந்த சீட்டியும் பாதியில் அறுந்து, கரகரத்து, மறுபடி ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். காது கேக்கலையா?" என்றான் விசில், விளையாட்டாக.

நிதானம் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "தலைவலிடா, அப்புறம் பாப்போம்" என்று லேப்டாப்பை மூடி வைத்துவிட்டார்.

அடுத்த வாரமும் அப்படியே. கண் இருட்டியது, காது அடைத்தது. டாக்டர் சொன்னது வார்த்தை பிசகாமல் நினைவுக்கு வந்தது. ஆனால் மனைவியிடம் சொல்லவில்லை. போன தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில், கையில் மடிக்கப் போர்வை இல்லாமல், தன் புடவைத் தலைப்பையே மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. இன்னொரு தடவை அவளை அங்கே உட்கார வைக்க மனம் வரவில்லை. லேப்டாப்பை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தார். "அலுத்துப் போச்சு" என்றார். விசிலின் போனையும் எடுக்கவில்லை.

அவள் ஒரு வாரம் விட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு விடுமுறை நாள் மாலை, அலமாரியிலிருந்து அதை இறக்கி மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க."

"உனக்கா? எதுக்கு?"

"எதுக்குன்னா? கத்துக்குடுங்கன்னா கத்துக்குடுங்க."

மறுக்க வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் வண்டியை எடுத்த வேகத்தில் நேராக ஒரு மரத்தில் போய் மோதினாள். இருவரும் சிரித்தார்கள். ஜன்னல் வெயில் திரையில் பட்டுக் கண் கூசியது. வழக்கம்போல அவர் கையை நீட்டித் திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார். சாலை இருட்டியது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அட, அணைஞ்சு போச்சு!" என்றாள் அவள்.

அவர் மெல்லக் கண் திறந்தார். "என்ன சொன்ன?"

"திரை அணைஞ்சு போச்சுன்னேன். இதோ, வந்துடுச்சு."

"உனக்கும் இருட்டாத் தெரிஞ்சுதா?"

"நானும் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுதானே உட்கார்ந்திருக்கேன்?" என்று திரும்பியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அவள் கை பொத்தான்களை விட்டு இறங்கியது.

"எத்தனை நாளா?"

அவர் அலமாரி உச்சியைப் பார்த்தார்.

"இந்தச் சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டுதானே இருந்துச்சு? கண்ணு இருட்டினா அதுவும் சேர்ந்துதானே இருட்டணும்? அதைக்கூடவா பாக்கல?"

"எங்க பாத்தேன்? பயத்துல கண்ணை மூடிக்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கை அங்கேயே தங்கிவிட்டது. "எங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லப் போறீங்க? அந்தக் கம்பத்துகிட்டயா?"

மறுநாள் காலை, திரை அணைந்ததா கண் அணைந்ததா என்ற வழக்கையே ஏற்காமல் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொல்லி அதையும் பார்த்தார். "எல்லாம் நல்லா இருக்கு. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க." வெளியே வந்ததும் அவள் ஆஸ்பத்திரிக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மருமகனுக்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அலட்டிக்கொள்ளாமல் சொன்னான்: "டிரைவர் பழசாகியிருக்கும் மாமா. பழைய டிரைவரைத் தூக்கிட்டுப் புதுசு போட்டா சரியாயிடும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சொன்னது சாஃப்ட்வேர் மாமா!" என்று மறுமுனையில் பதறினான் மருமகன்.

"புரியுது மாப்பிள்ளை, புரியுது. அதையும் தூக்கிடுவோம்" என்றார் நிதானம். பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

அவன் சொல்லச் சொல்ல அந்த டிரைவரை மாற்றியும் பயனில்லை. பிறகு லேப்டாப்பை டிவியோடு ஒயர் போட்டு இணைக்கச் சொன்னான். லேப்டாப் திரை அணைந்தபோதும் டிவியில் சாலை பளிச்சென்று ஓடிக்கொண்டே இருந்தது. "அப்போ உள்ளே கிராபிக்ஸ் கார்டு நல்லா இருக்கு. கோளாறு திரைக்குப் போற வழியிலதான்" என்றான். காதில் சத்தம் அறுந்ததையும் சோதிக்கச் சொன்னான். லேப்டாப்பை வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் இணைப்பு நிலைத்தது, உள்ளறைக்கு வந்தால் அறுந்தது. கைபேசிக்கு அதே அறையில் எந்தச் சிக்கலும் இல்லை.

அவள் திரையை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தாள். "இங்க பாருங்க, சாய்க்கும்போதுதான் போகுது. வெயிலுக்காக நீங்க தினம் சாய்ப்பீங்களே. போர்வையும் மடிக்கிற இடத்துலதான் நைஞ்சு போகும்."

சாவி செய்கிற கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் லேப்டாப் பழுது பார்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே தூசி பஞ்சு மெத்தையாக இருந்தது. திரை மடியும் கீலுக்கு அருகே சுண்டு விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அம்மா சொன்னது சரி. திரைக்குப் போற கேபிள் இந்தக் கீல் வழியாத்தான் போகுது, இங்க நசுங்கியிருக்கு. வைஃபை ஆன்டெனா திரையைச் சுத்தித்தான் இருக்கும். அதோட ஒயரும் இதே வழிதான், அதுவும் பிஞ்சு தொங்குது."

"கண்ணும் காதும் ஒரே இடத்துல போயிருக்கு" என்றார் நிதானம்.

கடைக்காரப் பெண்ணுக்கு அது புரியவில்லை. பக்கத்தில் நின்ற மனைவிக்குப் புரிந்தது. கடை மேசைக்கு அடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு ஒயரும் மாற்றி, கீலை இறுக்கி, தூசி தட்டி வாங்கி வந்தார்கள். ஜன்னல் வெயில் திரையில் படாதபடி மேசையை அவள் திருப்பிப் போட்டாள். விசிலைக் கூப்பிட்டார். அவன் கோபித்துக்கொள்ளத் தொடங்கினான், அவர் நடந்ததைச் சொன்னதும் அடங்கிப்போனான்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க" என்றான். பிறகு அவனுக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் செய்தான், சீட்டியடித்தான். அது எங்கும் அறுபடாமல் கேட்டது.

சில நாள் கழித்து ஒரு மாலை. அவள் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"ஏம்மா, கண்ணு ஒரு மாதிரி இருக்கு."

அவள் கை நின்றது. "இருட்டுதா?"

"இல்ல, எரியுது. உங்கிட்ட சொல்லி வெச்சேன்."

"எரிஞ்சா போதும், இறங்கி வாங்க" என்றாள் அவள். ஈரத்துணி ஒன்றைப் பிழிந்து கொண்டுவந்து, அவரை நாற்காலியில் சாய வைத்து, மூடிய கண்கள் மேல் வைத்தாள்.