நைனாவின் சட்டைப்பையில் இருந்த ரோட்டர்

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு ஆகிறது. படையல் முடிந்து பந்தி போடக் காத்திருக்கும் நேரத்தில்தான் இந்த நினைவு மலரைப் புரட்டுவீர்கள் என்று தெரியும். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் நைனாவின் படத்துக்குக் கீழே "அஞ்சா நெஞ்சர்" என்று போட்டுக் கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் போடுவதுதானாம். நான் எடுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்திலேயே அதிகம் பயந்தவர் நைனாதான். அந்தப் பயத்துக்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். எழுதும்போது எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நைனா பிறந்தது பனமலையில். சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத வீடு. அவரைப் பெற்றவர்கள் பிறர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் அவரைப் படிக்கவைத்தார்கள். ஏரி நிரம்பினால் ஊரே கரையில் நின்று சந்தோஷப்படுமாம். நைனா மட்டும் கரை தாங்குமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு நிற்பாராம். ஐ.டி.ஐ. முடித்து, லைன்மேன் வேலை கிடைத்து செஞ்சிக்கு வந்தார். இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், கோட்டையிலிருந்து இறங்கிவரும் குரங்குக்குப் பயம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கரண்டுக்குப் பயம். அப்படிப்பட்டவர் கம்பம் ஏறித்தான் என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். கல்யாண வீடுகளில் மாமாக்கள் "பயந்தாங்கொள்ளி லைன்மேன் வந்தாச்சு" என்று கேலி செய்வார்கள். நைனாவும் சேர்ந்து சிரிப்பார்.

வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பம் ஏறுவதற்கு முன், கம்பியில் கரண்டு வராதபடி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, பெட்டியின்மேல் வைக்காமல், தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார். மற்றவர் ஏறும்போது கட்டையை வாங்கிக்கொண்டு கீழே நிற்பார். ஏறியவர் தானே இறங்கிவந்து தன் வாயால் கேட்க வேண்டும். "அவர் இறங்கிட்டாரு, குடுங்க" என்று வேறு யார் வந்து சொன்னாலும் கொடுக்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய கூட்டாளி ஒருவர் மேலே இருக்கும்போதே, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து யாரோ கட்டையை மாட்டிவிட்டார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவர் நைனா. கம்பமும் ஏணியும் ஏற்ற வந்திருந்த வாடகை அம்பாசிடர் பிக்கப்பின் தொட்டியில் கூட்டாளியைப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பாதி வழிவரை கூட்டாளி பேசிக்கொண்டு வந்தாராம். இதை நைனா எங்களிடம் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஓய்வு பெற்றபின் திண்டிவனம் சாலைப் பட்டறை ஒன்றின் பின்னால் அதே மாதிரி ஒரு வண்டி கோழிக்கூண்டாகக் கிடந்ததைப் பார்த்தார். முன்பாதி கார், பின்பாதி தொட்டி. மற்ற எதற்கும் தயங்கும் மனிதர் அன்று தயங்கவே இல்லை. பட்டறை மேஸ்திரியோடு சேர்ந்து சில வருடம் பாடுபட்டு, தகரம் மாற்றி, எஞ்சினை இறக்கி ஏற்றி, இளம்பச்சை வண்ணம் அடித்து, தொட்டிக்கு வேப்பம்பலகை போட்டு அதைப் புதுப்பித்தார். ஏன் இந்த வண்டி என்று அம்மா ஒரே ஒருமுறை கேட்டாராம். "அதுல ஏத்தும்போது அவன் பேசினு இருந்தான்" என்று மட்டும் சொன்னாராம்.

வண்டி வந்தபின் வழக்கம் வண்டிக்கு மாறியது. முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் பக்கத்தில், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும். அதற்குள் கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புத் துண்டு. அதுதான் ரோட்டர். அது இல்லாவிட்டால் எஞ்சின் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. வண்டியை நிறுத்தியதும் நைனா அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். முன்சக்கரங்களுக்குக் கருங்கல் வைப்பார். எங்கள் தெரு திருவண்ணாமலை சாலையைப் பார்த்துச் சரிந்து இறங்குவது உங்களுக்குத் தெரியும். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு இதையெல்லாம் செய்கிறாரே என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

கண் மங்கத் தொடங்கியதும், ஓட்டத் தெம்பில்லாதவன் வண்டி வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி விற்கத் துணிந்தார். சென்னையில் இருக்கும் தம்பி படம் எடுத்து இணையத்தில் போட்டான். ஆட்கள் வந்தார்கள். நைனா வண்டியின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். இடப்பக்கக் கதவு திருப்பத்தில் திறந்துகொள்ளும், மழையில் வைப்பர் பாதியில் நின்றுவிடும் என்று தொடங்குவார். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வண்டி விற்கிறீர்களா, பேய்க்கதை சொல்கிறீர்களா என்று தம்பி கோபித்துக்கொண்டான். "அவங்க வீட்லயும் புள்ளைங்க இருக்குது இல்ல" என்றார் நைனா.

புதுச்சேரியில் உணவகம் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் எந்தக் குறைக்கும் அசரவில்லை. தன் கடை வாசலில் நிறுத்தவும், கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு வாடகைக்கு விடவும் இந்த வண்டிதான் வேண்டும் என்றார். நைனாவும் அம்மாவும் கண் பரிசோதனைக்கு விழுப்புரம் போயிருந்த நாளில், சொன்ன தேதிக்கு முன்பே அவர் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் சென்னையிலிருந்து வந்திருந்த தம்பியும் நானும்தான். குழந்தைகள் தொட்டியில் ஏறிக் குதித்தன. அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருகினார். கிர் கிர் என்று சுற்றியது, பிடிக்கவில்லை. தம்பி, பேட்டரி இறங்கியிருக்கும், சரிவில் தள்ளினால் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிக் கல்லை எடுக்கக் குனிந்தான்.

எனக்கு ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஓடிப்போய் அந்தக் கல்லின்மேல் காலை வைத்துக்கொண்டேன். தம்பி முறைத்தான். நான் காலை எடுக்காமல் நைனாவுக்கு போன் போட்டேன்.

"கல்ல எடுக்காதன்னு சொல்லு. புள்ளைங்கள இறக்கு" என்றார். "ரோட்டரு எங்கிட்ட இருக்குது. தள்ளினாலும் ஓடாது."

வந்தவர் முகம் சிறுத்துத் திரும்பிப் போனார். ஒரு பயந்தாங்கொள்ளியால் குடும்ப மானமே போனது என்று தம்பி கோபித்தான். மறுநாள் பட்டறை மேஸ்திரி வந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார். இரண்டு மிதிக்கு நின்றது. மூன்றாவது மிதியில் கால் தரையைத் தொட்டது. பின்சக்கரத்தின் அருகே பிரேக் எண்ணெய் குட்டையாகத் தேங்கியது. தொட்டிக்கு அடியில் ஓடும் பிரேக் குழாய் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்திருந்தது. அந்த நேரத்தில் தெருமுனையில் திருவண்ணாமலை பஸ் ஒன்று முழுவேகத்தில் கடந்து போனது. தம்பி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அந்தக் குழந்தைகள் பலகையில் குதித்த சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. பஸ் ஹாரன் கேட்டால் இப்போதும் வாசலுக்கு ஓடிக் கல்லைப் பார்க்கிறேன்.

பிரேக் போயிருந்தது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று நைனாவிடம் கேட்டேன். "தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா? தெரியல. அதான் எடுத்துனு போனேன்" என்றார்.

அதன்பின் சில மாதங்களிலேயே இதயம் தொல்லை கொடுத்தது. விழுப்புரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோவதற்கு முன் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நைனா பைக்குள் விரலை விட்டு ரோட்டரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"பயமா இருக்குது பாப்பா."

"எனக்கும்தான் நைனா" என்றேன். தைரியம் சொல்லத் தோன்றவில்லை. அவரிடம் யாரும் பொய்த் தைரியம் சொல்லி நான் பார்த்ததில்லை.

"பீசு கட்ட பத்திரம். நான் எறங்கி வந்து கேட்டாத்தான் குடுக்கணும். வேற யாரு கேட்டாலும் குடுக்காத."

ரோட்டரை அவர் ஃபியூஸ் கட்டை என்று சொன்னது மருந்து மயக்கத்திலா, தெரிந்தேதானா என்று எனக்குத் தெரியாது. கதவு மூடியது. நைனா திரும்பி வரவில்லை.

வண்டிக்கு இப்போது புதுக் குழாய் போட்டாகிவிட்டது. வெயிலிலும் மழையிலும் நிறுத்தி வீணாக்க வேண்டாம், விற்றுவிடலாம் என்று அம்மா சொல்கிறார். ரோட்டரை மட்டும் நான் கொடுக்கவில்லை. பழைய உதிரிபாகக் கடையில் யார் கேட்டாலும் வேறு ரோட்டர் கிடைக்கும் என்று மேஸ்திரி சொன்னபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அப்படியென்றால் இத்தனை வருடமாக அந்த வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தது இந்தக் கறுப்புத் துண்டு இல்லை. நைனாவின் பயம்தான். அதை எந்தக் கடையில் வாங்குவது?

போன வாரம் தம்பி வந்தான். கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக் குழாயை முனையிலிருந்து முனைவரை கையால் தடவிப் பார்த்தான். சட்டையெல்லாம் கிரீஸாக எழுந்து வந்தான். "நல்லாதான் இருக்குது அக்கா. ஆனா பயமா இருக்குது. இன்னொரு தபா பாத்துட்டு வரேன்" என்று சொல்லி மறுபடியும் உள்ளே போனான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கால்களைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

நைனாவின் கடைசி நாட்களில் துணை நின்ற எல்லோருக்கும் எங்கள் நன்றி. விதிமுறை சொல்லித் திட்டாமல் என்னைக் கதவருகே நிற்கவிட்ட செவிலியருக்கும், ஞாயிறுதோறும் வந்து அம்மாவோடு உட்கார்ந்து பேசும் பட்டறை மேஸ்திரிக்கும், கேலி செய்த வாயாலேயே கதறி அழுத மாமாக்களுக்கும் நன்றி. நைனாவின் பூந்தேர் கம்பிகளில் படாமல் போகத் தெருவின் மின்சாரத்தை நிறுத்தி, ஊர்வலம் தாண்டும்வரை கட்டையைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்து வந்த அந்த இளைய லைன்மேனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வண்டி விற்பனைக்கு இருக்கிறது. தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். வந்ததும் சாவியைக் கேட்பவருக்கு அது இல்லை. எதையும் கேட்பதற்கு முன் குனிந்து, சக்கரத்துக்கு அடியில் கல் இருக்கிறதா என்று பார்க்கும் ஒருவர் வருவார். அவர் கையில் ரோட்டரைக் கொடுப்பேன். நைனா இறங்கி வந்துவிட்டார் என்று அன்றைக்குத்தான் நம்புவேன்.

இப்படிக்கு,
மகள்