சந்திரமதியின் முழம்

காஜா பேராங் தெருவில் பூ விற்ற சந்திரமதியைத் தெரியாத ஆள் அந்தக் காலத்தில் கிடையாது. நெடுநெடுவென்று உயரம், அதற்கும் மேலே கை நீளம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அவள் அளந்து கொடுத்த ஒரு முழம், மற்றவள் கையில் ஒன்றேகால் முழம். அதற்காகவே புக்கிட் காதில் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்து வருவார்கள்.

பக்கத்துத் துணிக்கடை ஹனீபாவுக்கு அது கிண்டல்.

"என் கஜக்கோலுக்கு வருசா வருசம் சர்க்கார் முத்திரை குத்துறான். உன் கைக்கு யாரு தாயி குத்துறது?"

"வரச் சொல்லுங்க பாய். வர்றவன் கன்னத்துல நானே முத்திரை குத்தி அனுப்புறேன்."

கடை அவள் புருஷன் அப்பாசாமி போட்டது. அவர் கண்ணை மூடிய பிறகு கொழுந்தன் பொன்னுதுரை பேருக்கு மாறியது. ஆனாலும் பலகையில் உட்கார்ந்து அளந்தது அவள்தான். அவனுக்குப் பெண் பார்க்கப் போனதும் அவளே. "கட்டை குட்டையா இருந்தா என்ன, மூக்கும் முழியுமா இருக்கா" என்று கோகிலாவைத் தட்டு மாற்றிக் கூட்டிவந்து, நாரில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்ததும் அவளேதான்.

சுதந்திரம் கிடைத்த வருசம் காய்ச்சலில் படுத்து எழுந்து கடைக்கு வந்தால், அவள் பலகையில் கோகிலா.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி," என்றான் பொன்னுதுரை. "உங்க கையில அளந்தா கூடை மத்தியானமே காலி. இவ கையில சாயங்காலம் வரைக்கும் வருது. நீங்க உள்ள உட்கார்ந்து கட்டுங்க."

கோகிலா தலை நிமிராமல் அடுத்த முழத்தை அளந்தாள். பெற்ற மகள்போல் தான் வைத்திருந்தவளா இப்படி என்று நினைத்துக்கொண்டே சந்திரமதி உள்ளே போய் நாரை எடுத்தாள்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரக் கொண்டாட்டத்துக்குத் தெருமுனையில் அலங்கார வளைவு கட்டினார்கள். பொறுப்பு தெருப் பெரியவர் நல்லையாவுக்கு. காய்ச்சலுக்கு முன்பே அவர் சந்திரமதியைக் கூப்பிட்டு, கம்பத்துக்குக் கம்பம் கயிற்றை அவள் கையால் முழம் போட வைத்து மாலைக்குக் கணக்குச் சொல்லியிருந்தார். அந்தக் கணக்குக்குப் பூவை அளந்ததோ கோகிலா. ஏணி வைத்து ஏற்றினால், இந்தக் கம்பத்தைப் பிடித்த மாலை அந்தக் கம்பத்தை எட்டாமல் தொங்குகிறது!

"என்ன பொன்னுதுரை, பெய்த மழையில வளைவு வளர்ந்துருச்சா?" நல்லையா கத்த, கூட்டம் சிரித்தது.

பொன்னுதுரை ஓடிவந்தான். "அண்ணி, மானம் போகுது. உங்க கை வேணும்."

அந்த ஒரு சொல்லுக்கு உருகிப்போனாள். பழைய பலகையில் உட்கார்ந்து மளமளவென்று அளந்து, குறையைக் கட்டி முடித்தாள். மாலை கம்பத்தைத் தொட்டது. "அக்கா கைதான் கை!" என்று வாய் ஓயாமல் புகழ்ந்தாள், பழைய வாடிக்கைக்காரி சிவகாமசுந்தரி.

கொண்டாட்டம் முடிந்த மறுநாள் விடிந்ததும் சந்திரமதி குளித்துவிட்டுப் பலகையில் போய் உட்கார்ந்தாள்.

"எழுந்திரிங்க அக்கா," என்றாள் கோகிலா. "நேத்து வளைவுக்கு. இன்னிக்குக் கொண்டைக்குத்தானே? அதுக்கு என் கை போதும்."

அந்நேரம் சிவகாமசுந்தரி வந்தாள். இவளாவது தன் கையால் அளக்கச் சொல்லிக் கேட்பாள் என்று சந்திரமதி அவள் முகத்தையே பார்த்தாள். சிவகாமசுந்தரி மல்லிகைக் கூடையை மட்டும் பார்த்தாள். கோகிலா அளந்ததை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

சந்திரமதி எழுந்தாள். "அவர் படத்துக்கு ஒரு முழம் கொடு."

கோகிலா அளந்தாள். அதிலும் முழங்கைக்குக் கொஞ்சம் முன்னாலேயே சரத்தைப் பிடித்துக் குறைத்தே அளந்தாள்.

வீட்டில் அப்பாசாமி படத்துக்கு மேலே இரண்டு ஆணி. இத்தனை வருசம் இரண்டையும் எட்டிய சரம், இன்று ஒன்றில் மாட்டினால் மற்றதை எட்டவில்லை. சந்திரமதி சரத்தைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு சுத்தியலை எடுத்துவந்து, ஒரு ஆணியைப் பிடுங்கி, மற்ற ஆணிக்குப் பக்கமாகத் தள்ளி அடித்தாள்.